செப்புக்குள் செப்பு: மொரிசியஸ் நாள்குறிப்பு

முதல் நாள்: பிளெசான்ஸிலிருந்து ரோஸ் ஹில்

பிளெசான்ஸ் விமான நிலையத்தில் பணம் மாற்றியதும் வரிசையை விட்டு விலகி நின்று நூறு ரூபாய்த் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முதலில் ஆங்கிலம், அடுத்து தமிழ், அதன் பிறகு இந்தி. தமிழ் எண்ணும் இருக்கிறது. தாளில் உள்ள முகம் ரெங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழருடையது. வழக்கறிஞர், அரசியல் தலைவர். 1998-இல் வந்த புதிய தாள்களில் தமிழ் இந்திக்குக் கீழே இறங்கிவிட்டது. இங்குள்ள தமிழர்கள் பொறுக்கவில்லை. எதிர்ப்பு வலுத்ததும் அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, பழைய வரிசைப்படி மறுபடி வெளியிட்டார்கள். ஒரு வரி மேலா கீழா என்பதற்காக ஒரு நாட்டின் பணத்தையே மாற்ற வைத்த மக்களைப் பார்க்க வந்திருக்கிறேன் என்பதில் எனக்குப் பெருமைதான்.

என் கைப்பையில் வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றிய வெண்கலப் பதக்கம் ஒன்று இருக்கிறது. விட்டம் 50 மில்லிமீட்டர், எடை 58 கிராம். 1980-களின் நடுவில் மொரிசியஸில் ஒரு தமிழ்ச் சங்கம் கூட்டிய மாநாட்டின் நினைவாக அடித்தது. ஒரு பக்கம் குத்துவிளக்கும் இருபுறமும் கரும்பும். மறுபக்கம் சங்கத்தின் பெயரும் ஆண்டும் தமிழில். சங்கத்தின் பெயரை எழுத வேண்டாம் என்று அதன் இன்றைய பொறுப்பாளர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தவிர்க்கிறேன். விளிம்பில் பொடி எழுத்தில் 47 என்ற எண். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு நாணயக் கண்காட்சியில் வாங்கினேன். பெட்டி இல்லாமல்.

அந்தப் பெட்டியைத் தேடித்தான் வந்திருக்கிறேன்.

எனக்கு இந்த ஆர்வம் பிடித்தது 1995-இல். தஞ்சாவூரில் எட்டாவது உலகத் தமிழ் மாநாடு நடந்த ஆண்டு. திருவள்ளுவர் உருவத்தோடு ஒன்று, இரண்டு, ஐந்து ரூபாய் நாணயங்களை இந்திய அரசு வெளியிட்டது. மதுரையில் பஸ் நடத்துநர் தந்த சில்லறையில் இரண்டு ரூபாய் வள்ளுவர் என் கைக்கு வந்தார். நாணயம் கைமாறிக் கைமாறி வருவது. அதற்கு உறை வேண்டாம். பதக்கம் அப்படியல்ல. ஒருவரை அழைத்து, நிற்கவைத்து, அவர் கையில் கொடுப்பது அது. யாருக்கு, எந்த நாளில், எவ்வளவு மரியாதையோடு கொடுத்தார்கள் என்பதைப் பெட்டிதான் சொல்லும். மூடியின் உட்புறத்தில் செய்த கடையின் பெயர் இருக்கலாம். வெல்வெட்டின் அடியில் ஓர் அட்டை செருகியிருக்கலாம். மேலுறையில் யாரோ பென்சிலால் ஒரு பெயரை எழுதியிருக்கலாம்.

தமிழில் செம்புக்குச் செப்பு என்றும் பெயர். குங்குமமும் நகையும் வைக்கிற சிறு பேழைக்கும் செப்பு என்றே பெயர். வெண்கலத்தில் பெரும்பகுதி செம்பு. உலோகமும் அதை வைக்கும் இடமும் ஒரே சொல்லில் இருக்கின்றன. என்னிடம் அந்தச் சொல்லில் பாதிதான் இருக்கிறது.

ரோஸ் ஹில்லில் நான் அண்ணன் என்று அழைக்கும் நண்பர் வீட்டில் தங்கல். அவரும் சேகரிப்பாளர், மொரிசியஸ் நாணயங்கள் அவர் துறை. இரவு உணவில் ரசம் ஊற்றினார்கள். இங்கே அதற்கு ‘ரசோன்’ என்று பெயர். கிரியோல் மொழி மட்டுமே பேசும் அவருடைய பேரன்கூட அந்தச் சொல்லைத் தெளிவாகச் சொல்லி இரண்டாம் முறை கேட்டு வாங்கிக் குடித்தான்.

இரண்டாம் நாள்: போர்ட் லூயிஸ்

ரோஸ் ஹில்லிலிருந்து மெட்ரோவில் விக்டோரியா நிலையம். அங்கிருந்து நடந்து துறைமுகத்தை ஒட்டிய கோதான் பகுதி. புளூ பென்னி அருங்காட்சியகத்தில் 1847-இல் வெளியான இரண்டு அஞ்சல்தலைகள் இருக்கின்றன: ஆரஞ்சு நிறத்தில் ஒரு பென்னி, நீலத்தில் இரண்டு பென்னி. வெளிச்சம் பட்டால் நிறம் மங்கும் என்பதால் மூலத் தலைகளை ஒவ்வொரு மணியிலும் சில நிமிடங்கள் மட்டுமே விளக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். மற்ற நேரத்தில் நகல்கள்தான். காத்திருந்தோம். விளக்கு எரிந்தது. அறையில் இருந்த ஏழெட்டுப் பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம்.

இவற்றைச் செதுக்கியவர் ஜோசப் ஆஸ்மண்ட் பர்னார்ட். ஒரு செப்புத் தகட்டில் இரண்டு மதிப்புகளையும் செதுக்கி, ஒவ்வொன்றிலும் ஐந்நூறு தலைகளை ஒவ்வொன்றாக அச்சிட்டார். ஆளுநரின் மனைவி லேடி கோம் 1847 செப்டம்பர் 30 அன்று கொடுத்த நடன விருந்துக்கான அழைப்பிதழ் உறைகளில் பல தலைகள் ஒட்டப்பட்டன. இன்று உலகம் முழுவதும் எஞ்சியிருப்பவை இருபத்தைந்துக்குச் சற்று மேல்.

நான் அண்ணனிடம் சொல்ல விரும்பியது இதற்கு அடுத்த செய்தி. போர்தோ நகரத்து மது வணிகர்களுக்குப் போன கடித உறை ஒன்றில் இந்த இரண்டு தலைகளும் சேர்ந்து ஒட்டியிருக்கின்றன. 1993-இல் சூரிச் ஏலத்தில் அது ஐம்பது லட்சம் சுவிஸ் பிராங்குக்கு மேல் போனது. தலைகளை உறையிலிருந்து பிரித்திருந்தால் அழகான இரண்டு துண்டுத் தாள்கள் மிஞ்சியிருக்கும். உறையோடு இருப்பதால், யார் யாருக்கு எழுதினார், எந்தத் துறைமுகத்திலிருந்து எந்தத் துறைமுகத்துக்குப் போனது என்பது அப்படியே இருக்கிறது. அஞ்சல்தலை சேர்ப்பவர்கள் இதை நூறு ஆண்டுகளுக்கு முன்பே புரிந்துகொண்டார்கள். பதக்கம் சேர்க்கும் நம்மவர்களில் பலர் இன்னும் பெட்டியைக் குப்பையில் போட்டுவிட்டு, பதக்கத்தைப் பிளாஸ்டிக் ஆல்பத்தில் செருகுகிறார்கள். எனக்கு இதில் உண்மையான வருத்தம் உண்டு.

மாலையில் அப்ரவாசி காட். ஒப்பந்தக் கூலிகள் கப்பலிலிருந்து இறங்கி ஏறிய பதினாறு கல்படிகள். 2006-இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. படிகளின் நடுப்பகுதி தேய்ந்திருக்கிறது. அங்கே நான் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள்: ரோஸ் ஹில்

இன்று வெளியே அதிக தூரம் போகவில்லை. அண்ணனுக்குத் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பித்த ஆசிரியையின் வீடு நான்கு தெரு தள்ளி. வயது எண்பத்திரண்டு. தமிழைப் புத்தகத்திலிருந்து கற்றுப் புத்தகத்திலிருந்தே கற்பித்தவர் என்பதால் அச்சில் இருப்பதைப் போலவே பேசுகிறார். “வணக்கம் தம்பி, மதுரையிலிருந்தா வருகிறீர்கள்? உட்காருங்கள்” என்றார். மூன்று தலைமுறைக்கு முன்பு பிரிந்த ஊரின் பேச்சு அவரிடம் இல்லை. எழுத்தின் பேச்சு இருந்தது.

நான் துணியைப் பிரித்துப் பதக்கத்தை மேசைமேல் வைத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு விளக்கையும் கரும்பையும் பார்த்தார். பிறகு எழுந்து பூசையறைக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பெட்டி.

பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. பதினான்கு சென்டிமீட்டர் சதுரம், ஆறு சென்டிமீட்டர் உயரம். கெட்டியான மரம். மூடியின் மேல் அதே குத்துவிளக்கு, பொன்னிற அச்சில், பாதி உதிர்ந்து. மூடியைத் திறந்தால் உள்ளே அரக்கு நிற வெல்வெட். நடுவில் வட்டக் குழி. அதன் ஓரத்தில், பதக்கத்தைத் தூக்கி எடுப்பதற்காக விரலகல நாடா ஒன்று தைத்திருக்கிறது. குழி நிறைய விபூதி.

“முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இதில்தான் வைக்கிறேன். நல்ல ஆழம்” என்றார்.

பதக்கம் எங்கே என்று கேட்டேன். “என்னுடையது இல்லை தம்பி. மாநாட்டுக்கு வந்த விருந்தினர்களை வீடு வீடாகப் பிரித்துக் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் கோயம்புத்தூர் அம்மா ஒருவர் ஆறு நாள் தங்கினார். புறப்படும் நாளில் அவருடைய பயணப்பெட்டியைக் கட்டினோம். மேடையில் கொடுத்த புத்தகங்கள், சால்வைகள், பிள்ளைகளுக்கு வாங்கிய பொம்மைக் கப்பல், இங்கத்துச் சர்க்கரை. இருபது கிலோவுக்கு மேல் போய்விட்டது. பதக்கத்தைக் கைக்குட்டையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, இந்தப் பெட்டியை என் கையில் கொடுத்து ‘நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள் அக்கா’ என்றார்.”

சமையலறைத் தராசில் பெட்டியை வைத்துப் பார்க்க அனுமதி கேட்டேன். அவரே விபூதியை ஒரு கிண்ணத்துக்கு மாற்றிவிட்டுக் கொடுத்தார். 640 கிராம். பதக்கத்தைப் போலப் பதினொரு மடங்கு. புத்தகங்களா பெட்டியா என்று வந்தபோது அந்த அம்மா புத்தகங்களைத் தேர்ந்திருக்கிறார். நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஒன்பது ஆண்டுகளாக எனக்கு விளங்காமல் இருந்த ஒன்று அந்தச் சமையலறையில் விளங்கியது. இந்தியாவில் நான் கண்ட, கேள்விப்பட்ட இந்த மாநாட்டுப் பதக்கங்கள் ஒன்றுகூடப் பெட்டியோடு இல்லை. பதக்கங்கள் விமானம் ஏறிவிட்டன; பெட்டிகள் விருந்து வைத்த வீடுகளிலேயே தங்கிவிட்டன.

அவர் சொன்னதற்குப் பெட்டியிலேயே சான்றும் இருந்தது. வெண்கலப் பதக்கம் வெல்வெட்டில் ஆண்டுக்கணக்கில் கிடந்தால், ஈரக் காற்றில் செம்பு களிம்பு ஏறி, குழியின் ஓரத்தில் பச்சை வளையம் விழும். இதில் வளையம் இல்லை. வெல்வெட்டின் மயிர்க்கால்களுக்குள் விபூதி வெண்மையாகப் படிந்திருந்ததே தவிர, பச்சை துளியும் இல்லை. இந்தக் குழியில் பதக்கம் சில நாட்களே இருந்திருக்கிறது.

என் பதக்கமும் தன் பங்குக்கு ஒன்றைச் சொல்லியிருந்தது. நான் வாங்கியபோது அதன் ஒரு பக்கத்தில் பசைபோல் ஒட்டும் பச்சைப் படலம் இருந்தது. மலிவான பிவிசி உறையில் செம்புக் கலவைகளை வைத்தால் வருவது அது. பிளாஸ்டிக் சிதையும்போது வெளிவரும் அமிலம் உலோகத்தைத் தின்னும். அசிட்டோனில் ஊறவைத்து, தேய்க்காமல் எடுத்தேன். யாரோ அதைப் பெட்டிக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் உறையில் வைத்திருந்தார்கள் என்று அப்போதே குறித்து வைத்தேன். ஏன் என்பது இன்றுதான் தெரிந்தது.

நாடாவைப் பிடித்து வெல்வெட் தட்டைத் தூக்கினேன். அடியில் மஞ்சளடைந்த அட்டை. தமிழிலும் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மாநாட்டின் பெயர். கீழே மையில் எழுதிய எண் 52. ஆசிரியை அந்த அட்டையை இதற்கு முன் பார்த்ததே இல்லை. வாங்கி, மூன்று மொழியையும் வாய்விட்டுப் படித்தார். தமிழ் வரியில் ஓர் ஒற்றுப்பிழை இருப்பதாகச் சொன்னார். பார்த்தேன், இருந்தது.

என் பதக்கத்தைக் குழியில் வைத்துப் பார்க்கச் சொன்னார். வைத்தேன். அசையாமல் உட்கார்ந்தது. இந்த ஒன்பது ஆண்டுகளில் அதை அதற்குரிய இடத்தில் பார்த்தது அதுவே முதல்முறை. வெல்வெட்டின் அரக்கு நிறத்தில் வெண்கலம் வெளிச்சத்தை வாங்கிக்கொண்டது. குத்துவிளக்கின் ஐந்து முகங்களும் அப்போதுதான் எனக்குத் தனித்தனியாகத் தெரிந்தன.

“இதை எடுத்துக்கொண்டு போங்கள் தம்பி. எனக்கு விபூதி வைக்க வேறு டப்பா கிடைக்கும்.”

என்னால் முடியாது என்றேன். பெட்டி 52, பதக்கம் 47. இரண்டையும் சேர்த்தால் பார்க்கிறவருக்கு முழுமையாகத் தெரியும். ஆனால் அது பொய்யான முழுமை. எனக்குப் பின் அதை வாங்குகிறவர் அட்டையை நம்பி, கோயம்புத்தூர் அம்மாவின் பதக்கம் இது என்று எழுதிவைப்பார். அந்த அம்மா இடுப்பில் செருகிக் கொண்டுபோன பதக்கத்தின் வரலாறு அத்தோடு அழியும். நாணயச் சந்தையில் இப்படி ஒட்டுப்போட்ட ஜோடிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். விலை கூடும் என்பதற்காகத்தான் செய்கிறார்கள்.

ஆசிரியை சற்று யோசித்தார். “மருத்துவமனையில் பிள்ளை மாறிப்போவதைப் போல” என்றார். அதேதான் அம்மா என்றேன்.

பெட்டியை எல்லாப் பக்கமும் அளந்து, படம் எடுத்து, அட்டையைத் திரும்ப அடியில் வைத்தேன். விபூதியை அவரே மறுபடி நிரப்பினார்.

நான்காம் நாள்: மோக்கா

மகாத்மா காந்தி நிறுவனம். 1989 டிசம்பரில் ஏழாவது உலகத் தமிழ் மாநாடு நடந்த இடம். 1966 கோலாலம்பூர், 1968 சென்னை, 1970 பாரிஸ், 1974 யாழ்ப்பாணம், 1981 மதுரை, 1987 மறுபடியும் கோலாலம்பூர் என்று சுற்றிவந்த மாநாடு இந்தத் தீவுக்கும் வந்தது. புல்வெளியும் மழைத்தூறலும் பின்னால் மலையும். மதுரை மாநாட்டில் நான் சிறுவன். அப்பா சட்டையில் குத்தியிருந்த தொண்டர் பேட்ஜின் நாடா இன்றும் என்னிடம் இருக்கிறது. அதைச் சுற்றித் தந்த காகிதமும் இருக்கிறது. யாழ்ப்பாண மாநாட்டுப் பேட்ஜ் ஒன்று எப்போதாவது விலைக்கு வந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை. கடைசி நாளில் உயிர்கள் போன மாநாடு அது. அதை அணிந்திருந்தவர் யார் என்று தெரியாமல் தொடக்கூட எனக்கு மனம் வராது.

இங்கே ஒப்பந்தக் கூலிகளின் ஆவணக்காப்பகம் இருக்கிறது. இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், ஊர், வந்த கப்பல். 1860-களிலிருந்து புகைப்படமும் எடுத்திருக்கிறார்கள். பிரெஞ்சு எழுத்தர், ஆங்கில எழுத்தர் என்று கைமாறி எழுதியதில் நம் பெயர்களெல்லாம் உருமாறிக் கிடக்கின்றன. எண் மட்டும் மாறவில்லை. சந்ததியினர் வந்து கேட்டால், அந்த எண்ணைப் பிடித்துத்தான் பாட்டன் பூட்டனைக் கண்டுபிடித்துத் தருகிறார்கள். அண்ணன் தன் பூட்டனின் எண்ணை ஆறு இலக்கமும் தடுமாறாமல் சொன்னார். வீட்டுத் தொலைபேசி எண்ணைச் சொல்வதைப் போல.

பஸ்ஸில் திரும்பும்போது அவர்தான் கேட்டார்: “சங்கத்தில் வரவேற்புக் குழுவின் குறிப்பேடு இருந்தால், 47 யாருக்குப் போனது என்று அதில் இருக்காதா?”

ஐந்தாம் நாள்: குறிப்பேடு, போ பாசான்

இருந்தது. சங்கத்து அலமாரியில், ரசீதுப் புத்தகங்களுக்கு அடியில், நீளவாக்கில் கட்டிய கணக்கு நோட்டு. பொறுப்பாளர் தூசி தட்டிக் கொடுத்தார். பூச்சி ஓரங்களைத்தான் தின்றிருக்கிறது, எழுத்து பிழைத்திருக்கிறது. வரிசை எண், பெயர், ஊர், தங்கிய இல்லம். ஒன்றிலிருந்து நாற்பது வரை உள்ளூர்க்காரர்கள். நாற்பத்தொன்று முதல் அறுபது வரை வெளிநாட்டு விருந்தினர்கள்.

52-க்கு நேரே கோயம்புத்தூர். தங்கிய இல்லம், ஆசிரியையின் வீடு. அண்ணன் மேசையைத் தட்டினார்.

47-க்கு நேரே ஒரு பேராசிரியரின் பெயர். ஊர் பாளையங்கோட்டை.

மதுரையிலிருந்து பஸ் ஏறினால் மூன்று நான்கு மணி நேரத்தில் பாளையங்கோட்டை. நான் எத்தனையோ முறை இறங்கிய ஊர். நெடுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது ஆண்டுகளாக ‘மொரிசியஸ் பதக்கம்’ என்று நான் எழுதிவைத்திருந்த உறையில் இன்று முதன்முறையாக ஒரு மனிதரின் பெயரை எழுதினேன். அவருடைய குடும்பத்தாரைக் கேட்காமல் அதை இங்கே வெளியிடுவது முறையல்ல.

அவர் தங்கியது போ பாசானில் ஒரு வீடு. மதியமே போனோம். அந்த வீடு இல்லை. இடத்தில் டயர் கடை. குடும்பம் பிரான்ஸுக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன என்றார் எதிர்வீட்டுப் பெரியவர். வீட்டைக் காலி செய்தபோது தட்டுமுட்டுச் சாமான்களைத் தெருவில் வைத்தார்களாம், வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டார்களாம்.

பெட்டியின் படத்தைக் காட்டியதும் பெரியவர், “இது என்னிடம் இருக்கிறதே” என்றார். என் நெஞ்சு ஒரு கணம் நின்றது. அட்டையில் 18. அவருக்கே மேடையில் கொடுத்தது. மாநாட்டில் சமையல் பொறுப்பு அவருடையது. ஏழு கறி விருந்தை நான்கு நாள் இலைபோட்டுப் பரிமாறியவர். பதக்கமும் உள்ளேயே இருந்தது. வெல்வெட்டில், நான் ஆசிரியை வீட்டில் தேடிய அந்தப் பச்சை வளையம் வட்டம் பிசகாமல் விழுந்திருந்தது.

ஆனால் பதக்கம் கண்ணைப் பறித்தது. தைப்பூசத்துக்கு வீட்டுப் பித்தளைப் பாத்திரங்களைத் துலக்கும்போது அதையும் சேர்த்துப் புளி போட்டுத் துலக்கிவிடுவாராம், ஆண்டு தவறாமல். குத்துவிளக்கின் முகங்கள் ஐந்தும் ஒன்றாகிவிட்டன. கரும்பின் கணுக்கள் போய்விட்டன. பதக்கத்தை அடிக்கும்போது அச்சின் அழுத்தத்தில் உலோகம் ஓடி நிரம்பிய நுணுக்கங்கள் மேல்தோலில்தான் இருக்கின்றன. புளியும் சாம்பலும் ஒவ்வொரு முறையும் அந்தத் தோலைத்தான் எடுத்துக்கொண்டு போகின்றன. மேலே படியும் பழுப்பு நிறம் அழுக்கல்ல. உலோகம் தன்னைக் காத்துக்கொள்ளப் போர்த்திக்கொண்டது.

இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. சாமி விளக்கோடு சாமி விளக்காக அதை நினைத்து ஆண்டுக்கொருமுறை கையில் எடுத்த மனிதர் அவர். பதக்கம் கொடுத்தவர்கள் இதைவிட வேறு எதை எதிர்பார்த்திருப்பார்கள்? மிகவும் அழகாக வைத்திருக்கிறீர்கள் ஐயா என்றேன். மனமாரத்தான் சொன்னேன்.

வெளியே வந்ததும் அண்ணன் மட்டும், அடுத்த தைப்பூசத்துக்கு முன்னால் தானே வந்து மெல்லச் சொல்லிப் பார்ப்பதாகச் சொன்னார்.

ஆறாம் நாள்: மழை

நாள் முழுவதும் தூறல். கோர் தெ கார்த் மலை முருகன் கோயிலுக்குப் படியேறும் திட்டத்தைக் கைவிட்டோம். அண்ணனின் சேகரிப்பை மேசையில் பரப்பினோம். 1977-இல் வந்த இருபத்தைந்து ரூபாய் வெள்ளி நாணயம் ஒன்று. எலிசபெத் அரசியின் வெள்ளிவிழாவுக்கு வெளியிட்டது. சிவப்பு ரப்பர் வளையம் போட்டு வைத்திருந்ததில் ஓரமெல்லாம் கறுத்திருந்தது. ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளிக்கு ஆகாது. மட்டமான அட்டை, கம்பளித் துணி, பஞ்சுபோன்ற நுரைப் பிளாஸ்டிக் எதுவும் ஆகாது. நுரை சில ஆண்டுகளில் பிசினாக உருகி நாணயத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் இந்தத் தீவின் மேட்டுப்பகுதியில் அவசியம். பொட்டலத்தை மாற்றுவதும் அவசியம்.

பழைய பெட்டியே நாணயத்துக்கு எதிரியாக இருந்தால் என்ன செய்வது என்று கேட்டார். நல்ல கேள்வி. பதக்கத்தைத் தனியாக, தீங்கு செய்யாத உறையில் வைக்க வேண்டும். பெட்டியைப் பக்கத்திலேயே தனியாக வைக்க வேண்டும். இரண்டிலும் ஒரே எண்ணை எழுத வேண்டும். பிரித்து வைத்தாலும் உறவு எழுத்தில் இருக்கும். பூட்டனின் எண்ணைப் போல என்றார் அவர்.

பதக்கத்தை எங்கே அடித்திருப்பார்கள் என்றும் பேசினோம். பாரிஸ் நாணயச்சாலையில் அடித்ததாக இருந்தால் விளிம்பில் வளக்கொம்பு (கனிகள் நிறைந்த கொம்பு) முத்திரையும் உலோகத்தின் பெயரும் இருக்கும். உருப்பெருக்கியில் சுற்றிலும் பார்த்தோம். 47 மட்டும்தான்.

ஏழாம் நாள்: புறப்பாடு

விமானம் இரவில். காலையில் ஆசிரியையிடம் விடைபெறப் போனோம். குறிப்பேட்டில் கண்டதைச் சொன்னேன். பாளையங்கோட்டைப் பேராசிரியரை அவருக்கு நினைவிருக்கிறது. மாநாட்டின் மூன்றாம் நாள் ஒலிபெருக்கி நின்றுபோனபோது, அவர் மட்டும் மேடையிலிருந்து இறங்கி வந்து, கூட்டத்தின் நடுவில் நின்று, குரலை உயர்த்தித் தன் பேச்சை முடித்தாராம். கடைசி வரிசையில் இருந்த தனக்கும் கேட்டது என்றார். குட்டையான மனிதராம். குரல் மட்டும் பெரியதாம்.

நான் கையேட்டை எடுத்து அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

“பெட்டி கிடைக்கவில்லையே, வெறுங்கையோடு போகிறீர்களே” என்று வருந்தினார். போ பாசான் தெருவில் யாரோ எடுத்துப்போன பெட்டி, எந்த வீட்டிலாவது ஊசி நூலோ மூக்குக்கண்ணாடியோ வைத்துக்கொண்டு இருக்கும் அம்மா என்றேன். அட்டை வெல்வெட்டின் அடியில் இருப்பதால் அவர்களுக்கு எண்ணே தெரிந்திருக்காது.

கோயிலுக்கு வெள்ளிக்கிழமை வரும் பெண்கள் எல்லாரையும் தனக்குத் தெரியும் என்றார். ஒவ்வொரு வீட்டிலும் தட்டைத் தூக்கிப் பார்க்கச் சொல்வதாகச் சொன்னார். மேசையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து, மறந்துவிடாமல் இருக்க எண்ணை எழுதினார். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதிய அதே கை. நிதானமாக, தமிழ் எண்ணில்: ௪௭.

தாளை இரண்டாக மடித்து, 52-ஆம் பெட்டியின் மூடியைத் திறந்து, விபூதியின் மேல் வைத்தார்.